சுவருக்கு 15 நாள் அவகாசம். மனிதருக்கு ஒரு வரி நோட்டீஸ்கூட இல்லை

2024 நவம்பர் 13 அன்று, புல்டோசர் இடிப்புகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடம் ஒன்றை இடிப்பதற்கு முன் அதன் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதைக் கட்டடத்தின் மீதும் ஒட்ட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம் தர வேண்டும். நேரில் வந்து தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. சாலை, நடைபாதை, ரயில் பாதை, நீர்நிலை ஆகியவற்றின் மீதுள்ள கட்டடங்களுக்கு அது விலக்கு அளித்ததும், அந்த விலக்கின் வழியாகவே குடிசைகள் இன்றும் தரைமட்டமாக்கப்படுவதும் வேறொரு கட்டுரைக்குரிய பொருள். ஆயினும் அத்தீர்ப்பை இடதுசாரிகள் வரவேற்றோம். ஒருவரது வாழ்வைப் புரட்டிப் போடும் முடிவை எடுக்கும் முன் அவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற மிக எளிய நீதியை அது மீண்டும் உறுதிசெய்தது.

இதே நாட்டில், 18 வயது நிரம்பிய ஒரு குடிமகனின் கையொப்பத்தையும் சொத்தையும் எங்கே யாரோடு வாழ்வது என்னும் முடிவையும் மற்றொருவர் கையில் ஒப்படைக்கும் உத்தரவு, அவருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அனுப்பப்படாமல் பிறக்க முடியும். அவர் அறிவுசார் குறைபாடு உள்ளவராக இருந்தால் போதும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதற்கு வழிவிட்டு வைத்திருக்கிறது.

என் கையும் இதில் கறைபட்டது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கிந்தியத் தொழில் நகரம் ஒன்றில் வாழும் தமிழ்த் தோழர் ஒருவர், ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகளுக்கு அப்போது வயது 31. ரூபாய் நோட்டுகளை நிறத்தைக் கொண்டு அடையாளம் காண்பார். ரேஷன் கடைக்குத் தனியே போய் வருவார். வீட்டுக்கு வரும் தோழர்களில் யார் சர்க்கரை போடாத தேநீர் குடிப்பார்கள் என்பதை ஒருநாளும் மறந்ததில்லை. எழுதப் படிக்க வராது. மகள் பெயரில் இருந்த சிறு வைப்புத்தொகையைப் புதுப்பிக்கச் சென்றபோது, சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. தோழர் என்னிடம் வந்தார். விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவன் நான். அந்தப் பெண்ணின் பெயரை எழுதினேன். பிறந்த தேதியை எழுதினேன். குறைபாட்டின் விழுக்காட்டை எழுதினேன். ஐந்தடி தொலைவில் அமர்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்த அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. குறித்த நாளில் மூவரும் ஆட்சியர் அலுவலகம் சென்றோம். அவரைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனோம். உள்ளே இருந்தவர்கள் கோப்பைப் பார்த்தார்கள், தகப்பனைப் பார்த்தார்கள், வெளியே இருந்தவரை யாரும் அழைக்கவில்லை. திரும்பும்போது பேருந்தில் அவர் கேட்டார்: "அப்பா, நான் என்ன தப்பு பண்ணினேன்? எதுக்கு என்னை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" தோழரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அதன் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கானது. அதன் 14-ஆவது பிரிவு பாதுகாவலர் நியமனத்தைப் பற்றியது. பெற்றோரோ உறவினரோ, 'தாம் விரும்பும்' எவரையும் பாதுகாவலராக நியமிக்கக் கோரி உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விருப்பம் விண்ணப்பதாரருடையது, யாருக்காகப் பாதுகாவலர் நியமிக்கப்படுகிறாரோ அவருடைய விருப்பம் அந்த வாசகத்தில் இடம்பெறவே இல்லை. பதிவுபெற்ற அமைப்பு விண்ணப்பித்தால் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அதாவது எல்லோருடைய ஒப்புதலையும் சட்டம் நினைவில் வைத்திருக்கிறது, ஒருவருடையதைத் தவிர.

குழு இரண்டு கேள்விகளைப் பரிசீலிக்க வேண்டும்: இவருக்குப் பாதுகாவலர் தேவைதானா, எந்த நோக்கங்களுக்காகத் தேவை? நல்ல கேள்விகள். ஆனால் விடை யாரிடமிருந்து பெறப்பட வேண்டும்? சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றோ, அவரை நேரில் பார்க்க வேண்டும் என்றோ, அவருக்கு வாதாட ஒருவரை அமர்த்த வேண்டும் என்றோ அப்பிரிவில் ஒரு சொல் கிடையாது. விண்ணப்பத்தைக் கையாளும் முறை முழுவதும் ஒழுங்குமுறை விதிகளின் பொறுப்பில் விடப்பட்டுவிட்டது. குழுவில் இருப்போர் மூவர்: மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். அந்த மூன்றாமவர் அறிவுசார் குறைபாடு உள்ளவராகவோ அவர்களுடைய உலகத்தை அறிந்தவராகவோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ள நிவாரணம் முதல் தேர்தல் வரை அத்தனையையும் சுமக்கும் ஆட்சியரின் மேசையில் இந்தக் கோப்பு எத்தனை நிமிடம் தங்கும் என்பதை அரசு அலுவலகங்களை அறிந்த தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கொடியது 17-ஆவது பிரிவு. பாதுகாவலர் கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் விட்டாலோ சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கக் கோரலாம். கோரக்கூடியவர்கள் யார்? பெற்றோர், உறவினர், பதிவுபெற்ற அமைப்பு. அடிபட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை! அண்ணன் பாதுகாவலர், தாய் தந்தையர் இறந்துவிட்டனர், மற்ற உறவினர்கள் அண்ணனோடு சேர்ந்து நிலத்தைப் பிரித்துக் கொண்டவர்கள். இந்த நிலையில் தங்கை எந்தக் கதவைத் தட்டுவது? சட்டத்தின் வாசகப்படி அவருக்குக் கதவே இல்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதைச் சரிசெய்துவிட்டது என்பார்கள். அச்சட்டம் முன்னேற்றமானது என்பதை மறுக்கவில்லை. அதற்காக மாற்றுத்திறனாளி இயக்கங்கள் நடத்திய போராட்டங்களில் நம் தோழர்களின் பங்கும் உண்டு. அதன் 14-ஆவது பிரிவு 'வரம்புக்குட்பட்ட பாதுகாவல்' என்ற கருத்தைக் கொண்டுவந்தது: குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, சம்பந்தப்பட்டவரின் விருப்பப்படி, அவரோடு கலந்து எடுக்கும் கூட்டு முடிவு. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டவரும் இனி வரம்புக்குட்பட்ட பாதுகாவலராகவே கருதப்படுவார் என்றும் சொல்லிவிட்டது. மிக நன்று. ஆனால் நியமனத்துக்கு முன் அவருக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்பதை இந்தப் பிரிவும் சொல்லவில்லை. நடைமுறையை மாநில அரசுகள் வகுத்துக் கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், நியமனத்தால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி மேல்முறையீடு செய்யலாம் என்கிறது அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. தன்னைப் பற்றி ஓர் உத்தரவு பிறந்திருக்கிறது என்பதே தெரியாதவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்?

காலனியச் சட்டம் மறக்காததை நாம் மறந்தோம்

1912-ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு வியப்பே மிஞ்சியது. மனிதரை இழிவுபடுத்தும் சொற்கள் நிறைந்த சட்டம் அது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும் மனநோயாளிகளையும் 'பித்தர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்தது. ஆனாலும் ஒருவரைப் பித்தர் என்று தீர்மானிக்கும் விசாரணை எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடக்கும் என்று அவருக்கே நோட்டீஸ் தர வேண்டும் என அது விதித்தது. நேரில் சார்வு செய்வது பயன் தராது என்று தோன்றினால் மாற்று வழியில் சார்வு செய்யலாம்; உறவினர்களுக்கும் நகல் அனுப்பலாம்.

வெள்ளையர்களின் கருணையா இது? இல்லை. விசாரணைக்கு உட்பட்டவர்கள் சொத்துடையவர்கள். ஜமீனும் பங்களாவும் கைமாறும் இடத்தில் நோட்டீஸ் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாது என்பதில் ஆங்கிலேய ஆட்சி கண்ணும் கருத்துமாக இருந்தது. நோட்டீஸ் சொத்துக்குச் செலுத்தப்பட்ட மரியாதை. ஆயினும் அந்த மரியாதையின் நிழல் மனிதர் மீதும் விழுந்தது.

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 1912 சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது. அதிலும் 50-ஆவது பிரிவு, மாவட்ட நீதிமன்றம் சம்பந்தப்பட்டவருக்கோ அவரைப் பராமரிப்பவருக்கோ நோட்டீஸ் சார்வு செய்து, அவரை வரவழைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றது. ஆனால் 'மனநோயாளி' என்பதன் விளக்கத்திலிருந்து அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை அச்சட்டம் வெளியேற்றிவிட்டது. மருத்துவ நோக்கில் அது சரியே. அறிவுசார் குறைபாடு நோயன்று. விளைவு என்னவெனில், 18 வயது கடந்த இவர்களுக்குப் பாதுகாவலர் நியமிக்கத் தெளிவான வழியே இல்லாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தில் தவித்த பெற்றோர்களின் நீண்ட கோரிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1999 சட்டம்.

நீதிமன்றம் வேண்டாம், வக்கீல் செலவு வேண்டாம், மாவட்ட அளவிலேயே முடித்துக் கொள்ளலாம் என்பது அச்சட்டத்தின் நோக்கம். ஏழைப் பெற்றோருக்கு அது பெரும் ஆறுதல்; அந்த எளிமையைப் பறிக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. ஆனால் எளிமைப்படுத்தும் சாக்கில் வெட்டி எறியப்பட்டது எது? கட்டணம் போனது, கறுப்பு அங்கி போனது. அவற்றோடு சேர்ந்து நோட்டீசும் போய்விட்டது. சொத்துள்ளவருக்கு 1912-இல் கிடைத்தது, சொத்தற்றவர்களும் வரக்கூடிய சட்டத்தில் 1999-இல் இல்லாமற்போனது. இதை யாரும் சதி செய்து நிகழ்த்தவில்லை. ஏழையின் விஷயம் என்றால் நடைமுறையைச் சுருக்கிக் கொள்ளலாம் என்ற வர்க்க மனப்பழக்கம், கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலே வேலை செய்யும்.

குழந்தைகளின் நிலை இதைவிட மேல். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டப்படி, சிறுவர் ஒருவருக்குப் பாதுகாவலரை நியமிக்க மனு வந்தால் பெற்றோருக்கும் அவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். நீதிமன்றத்திலும் சிறுவர் வாழும் இடத்திலும் அதை ஒட்ட வேண்டும். விவரம் தெரிந்த வயது என்றால் அவருடைய விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். பதினைந்து வயதுச் சிறுவனின் விருப்பத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. முப்பத்தொரு வயதுப் பெண்ணின் இடம் தாழ்வாரத்து பெஞ்சு.

பறிபோவது என்ன?

'ஒரு சான்றிதழ்தானே, வங்கிக்காகத்தானே' என்று சொல்லும் தோழர்களுக்காக இதை விளக்க வேண்டியிருக்கிறது. பாதுகாவலர் என்பவர் சம்பந்தப்பட்டவரின் பராமரிப்புக்கும் சொத்துக்கும் பொறுப்பாளர். சொத்துப் பட்டியலை ஆறு மாதத்துக்குள் அளிக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குத் தர வேண்டும் என்று 16-ஆவது பிரிவு சொல்கிறது. கணக்கு போவது குழுவுக்கு. உரியவருக்கு அதன் நகல் தர வேண்டும் என்று அப்பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. நியமனத்துக்குக் காலவரம்பையும் 1999 சட்டம் விதிக்கவில்லை. வாக்குரிமையைப் பொறுத்தவரை, தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று அறிவித்தால் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இடம் மறுக்கலாம் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது; உள்ளூர்க் குழுவின் சான்றிதழ் அத்தகைய அறிவிப்பு ஆகாது. ஆனால் அந்த வேறுபாட்டை வாக்குச்சாவடியில் நின்று எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

சொத்தையும் வாக்கையும் கடந்து உடலுக்கு வருவோம். 1994 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்தைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பலருக்குப் புனே சசூன் மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்க் காலச் சுகாதாரத்தைப் பராமரிக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் வீதிக்கு வந்த பின்னரே அறுவை சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அந்தப் பெண்களின் சார்பில் ஒப்புதல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்களைக் கேட்டவர்கள் இல்லை.

2009-இல் சண்டிகரில் நடந்தது இன்னும் கூர்மையானது. அரசு இல்லத்தில் அடைக்கலமாக இருந்த, இலேசான அறிவுசார் குறைபாடு உள்ள அநாதைப் பெண் அந்த இல்லத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றார். அவருக்குப் பாதுகாவலராக நின்ற நிர்வாகமே கருவைக் கலைக்க அனுமதி கேட்டுப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு அந்தப் பெண்ணிடம் பேசியது. குழந்தையைப் பெற்றெடுக்க அவர் விரும்புவதைக் கண்டறிந்தது. அதன் பிறகும் உயர் நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் அதை நிறுத்தி வைத்து, ஆகஸ்ட் 28 அன்று காரணங்களை வெளியிட்டது: கருக்கலைப்புச் சட்டம் மனநோயாளிக்காகப் பாதுகாவலர் ஒப்புதல் தருவதை ஏற்கிறது, அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு அது பொருந்தாது, அவருடைய ஒப்புதல் இன்றியமையாதது, இனப்பெருக்கம் குறித்த முடிவு அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி.

தன் காவலில் இருந்த பெண்ணைக் காக்கத் தவறியவரே அவருடைய உடல் குறித்து முடிவெடுக்கும் பாதுகாவலர்! நலன்கள் இவ்வளவு வெளிப்படையாக மோதும் இடத்தில், அந்தப் பெண்ணின் சொல்லை யாரோ ஒருவர் கேட்டு எழுதி வைத்திருந்ததால்தான் உச்ச நீதிமன்றத்தால் தலையிட முடிந்தது. அந்தப் பதிவு இல்லாமல் போகும் கோப்புகளின் எண்ணிக்கையை எந்த அரசும் வெளியிடுவதில்லை.

'படிக்கத் தெரியாதவருக்கு நோட்டீஸ் எதற்கு?'

இக்கேள்வியை எதிரிகள் மட்டுமல்ல, நம் தோழர்களும் கேட்கிறார்கள். படிக்கத் தெரியாத விவசாயிக்கு நில எடுப்பு நோட்டீஸ் தேவையில்லை என்று அரசு சொன்னால் நம் விவசாயிகள் சங்கம் ஒப்புக்கொள்ளுமா? அவருக்குப் படித்துக் காட்டு, தண்டோரா போட்டுச் சொல், ஊர்க்கூட்டம் போட்டுச் சொல் என்று போராடினோம். ஆலை நிலையாணைகளை ஆங்கிலத்தில் மட்டும் தொங்கவிட்டால் போதாது, பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் வாயிலருகே வைக்க வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் சொன்னது. அந்த ஒரு வரியைச் செயலாக்கத் தொழிற்சங்கங்கள் எத்தனை வாயிற்கூட்டங்கள் நடத்தியிருக்கும்! ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸ், காரணத்தோடு, எழுத்து வடிவில் என்பதை 1947 சட்டத்தின் 25எஃப் பிரிவு தந்தது. நோட்டீஸ் என்பதன் பொருளை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. புரியாத மொழியில் தரப்பட்டால் அது நோட்டீஸ் ஆகாது என்பது தொழிற்சங்கத்தின் அரிச்சுவடி.

அப்படியானால் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் புரியும் மொழி எது? சிறு சிறு வாக்கியங்கள், படங்கள், பழகிய குரல், அவசரமில்லாத ஒரு மாலைப்பொழுது. ஒருமுறை சொல்லிப் புரியாவிட்டால் மறுநாள் வந்து இன்னொருமுறை சொல்வது. சொல்பவர் விண்ணப்பதாரராக இருக்கக் கூடாது. பாதுகாவலராகப் போகிறவராகவும் இருக்கக் கூடாது. மகனுக்கு எதிராக வழக்குப் போட்டு, அந்தச் சம்மனை மகனிடம் சேர்க்கும் வேலையைத் தகப்பனிடமே கொடுப்பதை எந்த நீதிமன்றமாவது ஏற்குமா? ஆதரவளிப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இடையே சொத்து விவகாரத்தில் நலன் முரண்பாடு எழுந்தால் ஆதரவளிப்பவர் விலகி நிற்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 13-ஆவது பிரிவே சொல்கிறது. பொது ஆவணங்களை அணுகத்தக்க வடிவில் தருவதை 12-ஆவது பிரிவு அரசின் கடமையாக்குகிறது. எனவே எளிய வடிவிலான நோட்டீஸ் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த ஆடம்பரம் அன்று.

எதையும் புரிந்துகொள்ள இயலாத நிலையில் இருப்பவர்களும் உண்டே என்பார்கள். உண்டு. பேச்சும் அசைவும் அற்று, படுக்கையிலேயே வாழ்வோர் உண்டு. அங்கே நோட்டீஸ் செய்யும் வேலை வேறு. அதைக் கொண்டுபோகும் அயலார் ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்தாக வேண்டும். படுக்கைப் புண்ணைப் பார்ப்பார். கையில் கட்டிய தழும்பு இருந்தால் பார்ப்பார். யாருடைய குரல் கேட்டதும் அந்த முகம் மலர்கிறது, யாருடைய காலடி கேட்டதும் சுருங்குகிறது என்பதைக் காண்பார். சொத்தில் பங்குள்ள மற்ற சகோதரர்களுக்கும் நகல் போகும். புரியாதவருக்கு நோட்டீஸ் வேண்டாம் என்ற வாதம், மிக அதிகப் பாதுகாப்பு தேவைப்படுபவருக்கு மிகக் குறைந்த பாதுகாப்பு போதும் என்று சொல்வதற்குச் சமம்.

தாமதம் ஆகும் என்பது அடுத்த ஆட்சேபம். எழுபது வயதுத் தாய், 'நான் கண்ணை மூடினால் இவனுக்கு யார்?' என்ற கேள்வியோடு ஒவ்வோர் இரவும் படுக்கிறார். அவரை மேலும் அலைக்கழிக்கலாமா? கூடாது. அந்தத் தாய் நமக்கு எதிர்த்தரப்பு அல்ல. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடினால் போதும் என்று குழுவுக்குச் சலுகை தந்திருப்பது சட்டம். தாமதத்தின் ஊற்று அங்கே இருக்கும்போது, இரண்டு வார நோட்டீஸ் மீது பழி போடுவது நேர்மையல்ல. மருத்துவமனை போன்ற அவசரத்துக்கு அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இடைக்கால அனுமதி தந்துவிட்டு நோட்டீசைத் தொடரலாம். தாயின் கேள்விக்கு உண்மையான பதில் சான்றிதழிலும் இல்லை. 80 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு ஒன்றிய அரசு தரும் மாத ஓய்வூதியம் 300 ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி அறிவுசார் குறைபாடு உள்ளோர் 15 லட்சத்துக்கும் மேல். ஆதரவு இல்லம், பயிற்சி மையம், ஊதியம் பெறும் பராமரிப்பாளர் என்ற சமூக ஏற்பாடு எதையும் செய்யாத அரசு, மொத்தச் சுமையையும் குடும்பத்தின் மீது, குடும்பத்துக்குள் பெண்ணின் மீது இறக்கி வைத்துவிட்டு, கூலிக்குப் பதிலாக ஒரு தாளில் முத்திரை குத்தித் தருகிறது.

இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்தும் ஒரு விமர்சனம் வரும். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை 2007-இல் இந்தியா ஏற்றது. அதன் 12-ஆவது ஷரத்தின்படி பாதுகாவலர் முறையே ஒழிந்து, ஆதரவுடன் முடிவெடுக்கும் முறை வர வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் கண்காணிப்புக் குழுவும் 2019-இல் இந்தியாவுக்கு அதையே சொன்னது. அப்படியிருக்க நோட்டீஸ் கேட்பது சீர்திருத்தவாதம் இல்லையா என்று மாற்றுத்திறனாளி இயக்கத் தோழர்கள் கேட்கலாம். இலக்கில் எனக்கு அவர்களோடு கருத்து வேறுபாடு இல்லை. கூலி உழைப்பு முறை ஒழிய வேண்டும் என்பதற்காகக் கூலி உயர்வு கேட்காமல் இருந்ததில்லை நாம். நாளைக் காலையும் எங்கோ ஒரு மாவட்டத்தில் ஒரு கோப்பு கையெழுத்தாகப் போகிறது.

தெய்வீக உடலும் பூமியின் நோட்டீசும்

2015 முதல் பிரதமர் மோடி மாற்றுத்திறனாளிகளை 'திவ்யாங்' என்று அழைக்கிறார். தெய்வீக உடல் கொண்டோர் என்று பொருள். துறையின் பெயர்ப்பலகையிலும் அந்தச் சொல்லின் வடிவமே ஏறிவிட்டது. தெய்வத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை போலும்! 2020 ஜூலையில், பெருந்தொற்று ஊரடங்கின் நடுவே, 2016 சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தத்தை இதே அரசு முன்வைத்தது. நாடு முழுவதும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்து எழுந்ததால் கைவிட்டது. தொழில் தொடங்குவதை எளிமையாக்குவது என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளை அவமதிப்பவருக்கான தண்டனையில் கைவைக்க நேரம் இருந்த அரசுக்கு, 1999-லிருந்து விடுபட்டுக் கிடக்கும் ஒரு நோட்டீஸ் விதியைச் சேர்க்க நேரம் இல்லை.

இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய மசோதா வேண்டும் என்றுகூட அரசு சாக்குச் சொல்ல முடியாது. 14-ஆவது பிரிவின்படி விண்ணப்பங்களைப் பெறும், பரிசீலிக்கும், முடிவெடுக்கும் முறையைத் தேசிய அறக்கட்டளை வாரியமே, ஒன்றிய அரசின் முன் ஒப்புதலோடு, ஒழுங்குமுறை விதிகளால் நிர்ணயிக்கலாம். நோட்டீஸ் சார்வு செய்யப்பட்டதற்கான பதிவும், குழு உறுப்பினர் ஒருவரேனும் சம்பந்தப்பட்டவரை அவர் வாழும் இடத்தில் சந்தித்த குறிப்பும் இல்லாமல் எந்த நியமனமும் செல்லாது என்று எழுத ஒரு பக்கம் போதும். உத்தரவு பிறந்த பின் அதன் நகல் எளிய வடிவில் அவர் கைக்குப் போக வேண்டும். எங்கே, எப்படி மேல்முறையீடு செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். 17-ஆவது பிரிவில் சம்பந்தப்பட்டவரையே மனுதாரராகச் சேர்ப்பதற்கு மட்டும் சட்டத் திருத்தம் தேவை. அதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரலாம். வங்கிகளைப் பொறுத்தவரை, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழான சான்றிதழை ஏற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-இல் சொன்னது; அது அந்த முதியோர்களுக்கு உதவத்தான். அதையே, சான்றிதழ் இல்லையேல் கணக்கு இல்லை என்று கிளை மேலாளர்கள் திருப்பிப் படிக்கிறார்கள். வங்கி ஊழியர் சங்கங்களில் நமக்குத் தோழர்கள் இருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை அவர்கள் தம் கிளைகளிலேயே எதிர்க்க முடியும்.

கிளைகளுக்கு வருகிறேன். ஓய்வூதியப் படிவம், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ் போலப் பாதுகாவலர் விண்ணப்பத்தையும் நிரப்பித் தரும்படி கேட்டு மக்கள் நம் அலுவலகங்களுக்கு வருகிறார்கள்; இனியும் வருவார்கள். விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேனாவை எடுக்கும் முன் அந்த வீட்டுக்குப் போங்கள். விண்ணப்பதாரர் இல்லாத நேரத்தில் அந்த மகனோடோ மகளோடோ அமர்ந்து, என்ன நடக்கப் போகிறது என்பதைச் சொல்லுங்கள். அவர் சொன்னதை, சைகையால் காட்டியதை, சொல்ல மறுத்ததை ஒரு தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு விண்ணப்பத்தோடு இணையுங்கள். குழு அதைக் கேட்காவிட்டாலும் கோப்பில் இருக்கட்டும். ஆட்சியர் அலுவலகத்தில் அவரை உள்ளே அழைக்கச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்ததை எழுத்தில் கேளுங்கள்.

நான் நிரப்பிய அந்த விண்ணப்பத்துக்கு அப்படியொரு தாள் இல்லை. சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, வரிவரியாக, தோழரும் நானும் அவருக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். வைப்புத்தொகை என்பது வரை வந்திருக்கிறோம். அந்தப் பணம் யாருடையது என்று கேட்டார். உன்னுடையது என்றார் தகப்பனார். அப்படியானால் எனக்கு ஒரு தையல் மிஷின் வேண்டும் என்றார் அவர்.